உடைவது எது?

1927-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு கோபக் கடிதம் வெளியானது. எழுதியவர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். வயது 79. பழுத்த வேதியியல் பேராசிரியர், யாருக்கும் பயப்படாமல் பேசிப் பழகியவர். அன்றைக்கு அவருடைய ஆத்திரமெல்லாம் சமையல் உப்பைப் பற்றியது. உப்புக்குள் சோடியம் குளோரைடு என்ற மூலக்கூறே கிடையாதாம். சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல மாறி மாறி நிற்கின்றனவாம். பிராக் என்ற பேராசிரியர் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வேதியியல் சதுரங்கமும் இல்லை, ஜியோமிதியும் இல்லை என்று பொரிந்து தள்ளியிருந்தார். பாவப்பட்ட உப்புக்காகப் பரிந்து பேசும் தொனியில் கடிதத்துக்குத் தலைப்பும் வைத்திருந்தார்.

இன்று இதைப் படித்துச் சிரிப்பது சுலபம். எனக்கு என்னவோ கிழவர் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. பொருள்கள் மூலக்கூறுகளால் ஆனவை என்பது அவருடைய தலைமுறையும் அதற்கு முந்தைய தலைமுறையும் மண்டையை உடைத்துக்கொண்டு நிலைநாட்டிய உண்மை. நீர் என்றால் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். உப்பு என்றால் ஒரு சோடியம், ஒரு குளோரின். அந்த ஜோடியே இல்லை என்று ஒருவர் வந்து சொன்னால் கோபம் வராதா? நம் வகுப்பறைகளிலும் ‘ஓர் உப்பு மூலக்கூறு’ என்று எழுதிய விடைத்தாளில் சிவப்பு மை படாமல் போவது உண்டு.

பிராக் இதைக் கற்பனையில் கண்டு சொல்லவில்லை. 1912-இல் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி, ஒரு மயில்துத்தப் படிகத்துக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். பின்னால் வைத்திருந்த புகைப்படத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று பின்னோக்கிக் கணக்கிடும் வழியைக் கண்டவர், கேம்பிரிட்ஜில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த 22 வயது லாரன்ஸ் பிராக். அவரிடம் முதலில் அகப்பட்டவை உப்பும் அதன் நெருங்கிய உறவுகளும்தான். பொட்டாசியம் குளோரைடு நல்ல திறவுகோலாக அமைந்தது. எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். பொட்டாசியம் அயனியிலும் (அயனி என்றால் மின்சுமை பெற்ற அணு) 18 எலக்ட்ரான், குளோரின் அயனியிலும் 18. ஆகவே எக்ஸ் கதிரின் பார்வையில் இரண்டும் ஒன்றே. எல்லா இடத்திலும் ஒரே அணு நிற்பதுபோல் படம் எளிமையாக விழும். சோடியம் அயனியில் இருப்பதோ 10. வேறுபாடு தெரிந்துவிடும், படத்தில் கூடுதல் புள்ளிகள் முளைக்கும். இரண்டு படங்களையும் ஒப்பிட்டதும் மாறி மாறி நிற்கும் அந்த வரிசை வெளிப்பட்டது. 1915-இல் தந்தை வில்லியம் ஹென்றி பிராக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது மகனுக்கு வயது 25.

ஒரு கல்லுப்பை எடுத்துப் பார்க்கலாம். தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் வெயில் காய்ச்சித் தந்த உப்பு அவ்வளவு நேர்த்தியாக இருக்காது. ஆனாலும் லென்ஸ் வைத்துத் தேடினால் செங்கோண மூலைகள் தட்டுப்படும். சில பரல்களின் முகத்தில் படிப்படியாக உள்ளே இறங்கும் சதுரக் குழியும் இருக்கும். விளிம்புகள் வேகமாக வளர்ந்து நடுப்பகுதி பின்தங்கிப் போனதன் அடையாளம் அது. நல்ல பரலாகப் பொறுக்கி, ஒரு முகத்துக்கு இணையாக பிளேடை வைத்து லேசாகத் தட்டுங்கள். கண்டபடி நொறுங்காமல் வழவழப்பான புது முகத்தோடு இரண்டாகப் பிளக்கும். அந்தத் துண்டையும் தட்டினால் அதுவும் அப்படியே.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியங்கள். அடுத்தடுத்த இரண்டுக்கும் இடைவெளி 0.282 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள விளிம்பில் சுமார் 35 லட்சம் அயனிகள் வரிசை கட்டி நிற்கும். இதில் எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் ஜோடி என்று கேட்டால் பதில் இல்லை. பரல் முழுவதும் ஒரே கட்டமைப்பு. பக்கத்தில் உள்ள ஆறு எதிர்மின் அயனிகள் இழுக்கின்றன, அதற்கு அடுத்த வட்டத்தில் உள்ள பன்னிரண்டு நேர்மின் அயனிகள் தள்ளுகின்றன, அதற்கும் அடுத்த எட்டு மறுபடி இழுக்கின்றன. முடிவில்லாமல் போகும் இந்த இழுபறியைக் கூட்டிக் கழித்து எர்வின் மாடலுங் 1918-இல் கணக்கிட்டார். அதே இடைவெளியில் தனித்து நிற்கும் ஒரு ஜோடியின் கவர்ச்சியைவிடப் படிகத்துக்குள் கிடைப்பது சுமார் 1.75 மடங்கு. அயனிகள் ஜோடி சேர்ந்து ஒதுங்காமல் கூட்டமாக நிற்பதற்குக் காரணம் இந்த லாபம்தான்.

பிளேடு தட்டியபோது ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் ஒரே ஒரு இடம் நகர்ந்தால் போதும்; நேர்மின் அயனிக்கு எதிரே நேர்மின் அயனி வந்துவிடும். இதுவரை இழுத்துக்கொண்டிருந்த முகங்கள் ஒன்றையொன்று உதறுகின்றன. உப்பு வளையாமல் பிளப்பதும், 801 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் அடம் பிடிப்பதும் ஒரே விசையின் வேலை. உருகிய பிறகு அயனிகள் நடமாட முடிவதால் அது மின்சாரத்தையும் கடத்தும். உப்பின் அதே சதுரங்க வரிசையில் நிற்கும் இன்னொரு பொருள் மெக்னீசியம் ஆக்சைடு. அதில் ஒவ்வோர் அயனிக்கும் மின்சுமை இரட்டிப்பு, ஆகவே இழுப்பு நான்கு மடங்கு; இடைவெளியும் குறைவு. உருகுநிலை 2,800 டிகிரிக்கு மேலே போய்விடுகிறது. சேலத்துக்கு அருகே தோண்டியெடுக்கும் மேக்னசைட் கல்லைச் சூளையில் நன்றாகச் சுட்டால் கிடைப்பது இந்த ஆக்சைடுதான். எஃகு உலையின் உட்சுவரில் பதிக்கும் செங்கல்லை இதில் செய்கிறார்கள்.

திடப்பொருள்களைப் பிணைப்பின்படி வகைப்படுத்துவது என்றாலே பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஓர் அட்டவணை ஞாபகம் வரும். அயனிப் படிகம், சகப்பிணைப்புப் படிகம், மூலக்கூறு படிகம், உலோகப் படிகம். பக்கத்தில் உருகுநிலை, கடினத்தன்மை, மின்கடத்தல் என்று கட்டங்கள். அட்டவணை தப்பில்லை. ஆனால் அதை உருப்போடுவதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசிக் கட்டங்களை நாமே நிரப்பிவிடலாம் என்பது என் கட்சி. இந்தப் பொருளை உருக்கும்போதோ உடைக்கும்போதோ உண்மையில் விட்டுப்போவது எது?

பூஜை அறைக் கற்பூரத்திடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். மூடி சரியாக மூடாத டப்பாவில் வைத்த கற்பூரம் நாளாக ஆகக் கரைந்து காணாமல் போகும். தட்டில் வைத்துக் கொளுத்தினாலும் மிச்சமில்லாமல் போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் உடைவது வெவ்வேறு. டப்பாவில் இருக்கும்போது கற்பூர மூலக்கூறுகள் எந்தச் சேதமும் இல்லாமல் முழுசு முழுசாகக் கிளம்பிப் போகின்றன. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே உள்ள மெல்லிய பிடி மட்டுமே விட்டுப்போகிறது. அறையில் வாசனை வருகிறது என்றால் அந்த முழு மூலக்கூறு மூக்குவரை வந்துவிட்டது என்று பொருள். கொளுத்தும்போதுதான் மூலக்கூறே சிதைகிறது. கார்பன், ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, ஆக்சிஜனோடு புதிய பிணைப்புகள் உண்டாகி, கரியமில வாயுவும் நீராவியும் ஆகின்றன. உப்புக்கு வாசனை இல்லாததன் காரணமும் இதிலேயே இருக்கிறது: தனியாகக் கிளம்பி வருவதற்கு அங்கே ஆள் இல்லை.

பீரோவில் போடும் அந்துருண்டைக்கும் இதே கதைதான். அதில் உள்ள நாஃப்தலீன் 80 டிகிரியில் உருகிவிடும். ஒரு மோல் நாஃப்தலீனைத் திடநிலையிலிருந்து ஆவியாக்கச் சுமார் 72 கிலோஜூல் போதும். ஆனால் அந்த மூலக்கூறுக்குள் இருக்கும் கார்பன்-கார்பன் பிணைப்பில் ஒன்றை அறுக்கவே அதைப்போலப் பல மடங்கு ஆற்றல் வேண்டும். ஒரே பொருளுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வான இரண்டு பிடிகள் இருப்பதுதான் மூலக்கூறு படிகத்தின் அடையாளம். மின்சுமையே இல்லாத மூலக்கூறுகள் எதை வைத்து ஒன்றையொன்று பிடிக்கின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வாண்டர் வால்ஸ் 1873-இலேயே அப்படி ஓர் ஈர்ப்பு இருந்தாக வேண்டும் என்று வாயுக்களை வைத்துச் சொல்லிவிட்டார். காரணத்தைக் குவாண்டம் இயற்பியலில் தேடிப் பிடித்தவர் ஃபிரிட்ஸ் லண்டன், 1930-இல். எலக்ட்ரான்கள் ஓயாமல் அலைபாய்வதால் ஒரு மூலக்கூறின் ஒரு பக்கம் கணநேரம் எதிர்மின் தன்மை பெறுகிறது. அதைக் கண்டு பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களும் ஒதுங்குகின்றன. இப்படித் தற்செயலாக எழும் அசைவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில் ஒரு சிறு ஈர்ப்பு மிஞ்சுகிறது.

மூலக்கூறு படிகங்களின் கதையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவைக் கண்ட 1928-ஆம் ஆண்டுச் சோதனைகளில் சி.வி. ராமனோடு உழைத்தவர் என்று மட்டுமே நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அதன் பிறகு டாக்கா பல்கலைக்கழகத்திலும் மறுபடி கல்கத்தாவிலும் அவர் செய்த வேலை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. நாஃப்தலீன் போன்ற பொருளின் சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். படிகம் ஒரு குறிப்பிட்ட பக்கமாகத் திரும்பப் பார்க்கும்; அந்தத் திருகலை அளந்தார். தட்டையான வளைய மூலக்கூறுகள் தம் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை அதிகமாக எதிர்க்கும். ஆகவே படிகம் முழுவதும் எந்தத் திசையில் எவ்வளவு எதிர்க்கிறது என்று தெரிந்தால், உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் படுத்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு பலிப்பதற்கு ஒரே காரணம், பிடி பலவீனமாக இருப்பது. படிகத்துக்குள் அடைபட்டும் மூலக்கூறு தன் குணத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் படிகத்தின் காந்த குணத்தைத் தனி மூலக்கூறுகளின் கூட்டலாக எடுத்துக்கொள்ளலாம். உப்பிடம் இந்தக் கூட்டல் எடுபடாது, கூட்டுவதற்கு மூலக்கூறு வேண்டுமே. பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929-இல் எக்ஸ் கதிர் கொண்டு காட்டிய கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-இல் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய கட்டுரை, காந்த அளவீட்டிலிருந்து மூலக்கூறின் சாய்வைக் கணிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியது. எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்து ஒரு கரிமப் படிகத்தின் அமைப்பைக் கையால் கணக்கிட மாதக்கணக்கில் ஆன காலம் அது. முன்கூட்டியே கிடைக்கும் ஒரு துப்பு எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கும்!

பனிக்கட்டியும் மூலக்கூறு படிகம்தான், ஆனால் பிடி கொஞ்சம் கூடுதல். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை எட்டிப் பிடிக்கும் இந்த ஹைட்ரஜன் பிணைப்பு, வாண்டர் வால்ஸ் பிடியைவிட வலுவானது, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பைவிட மிகவும் மெலிந்தது. இதன் முழுக் கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். இஸ்திரி போடுபவர் பருத்திச் சட்டையில் தண்ணீர் தெளிப்பது இந்தப் பிணைப்பைத் தளர்த்தத்தான். பருத்தி இழையின் செல்லுலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருப்பதால் சுருக்கம் சுருக்கமாகவே நின்றுவிடுகிறது. தண்ணீர் இடையில் புகுந்து பிடியை விடுவிக்கிறது. சூட்டில் அது ஆவியாகிப் போனதும், தட்டையான புது நிலையில் சங்கிலிகள் மறுபடி கைகோக்கின்றன.

உலோகத்தில் உடைவது எது என்று கேட்டால், பல நேரம் எதுவுமே உடைவதில்லை என்பதுதான் விடை. பட்டுச்சேலைச் சரிகைக்கு வெள்ளியைக் கம்பியாக இழுப்பார்கள். துளை துளையாக மாற்றிச் சிறுத்துக்கொண்டே போனாலும் வெள்ளி அறாமல் நீண்டுகொடுக்கும். வெளி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுவதற்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருப்பதால், அணுக்கள் இடம் மாறினாலும் பிடி மாறுவதில்லை. ஒரே வகை மின்சுமைகள் நேருக்கு நேர் வந்து முட்டிக்கொள்ளும் உப்பின் சங்கடம் இங்கே இல்லை. பால் ட்ரூட 1900-இல் இந்தப் பொது எலக்ட்ரான்களை ஒரு வாயுவைப்போல் கருதி உலோகத்தின் மின்கடத்தலை விளக்கினார்.

இங்கே பாடப்புத்தகங்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் ஒரு சிக்கல் உண்டு. ஓர் அணு அடுக்கை இன்னொன்றின் மேல் மொத்தமாக நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டால், உண்மையில் ஒரு தூய உலோகப் படிகத்தை வளைக்கத் தேவைப்படுவதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு வருகிறது. பெரிய ஜமக்காளத்தை ஒரேயடியாக இழுக்காமல், ஒரு ஓரத்தில் மடிப்பு எழுப்பி அந்த மடிப்பை மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டு போவதுபோல அடுக்குகள் நகர்கின்றன என்று 1934-இல் டெய்லர், ஒரோவன், போலான்யி மூவரும் தனித்தனியாகக் கண்டு சொன்னார்கள். வரிசை பிசகிய அந்த இடங்கள்தான் உலோகத்தின் வளைவுக்குக் காரணம். ஒரு செப்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தினால் முதலில் சுலபமாக மடங்கும், போகப்போகக் கை வலிக்கும், கடைசியில் பட்டென்று ஒடியும். பிசகுகள் பெருகி, ஒன்றின் வழியை ஒன்று மறித்துக்கொள்வதைத்தான் நம் விரல்கள் உணர்கின்றன.

உருகுநிலையை வைத்து உலோகத்தை அடையாளம் காண நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாதரசம் மைனஸ் 39 டிகிரியில் உருகும், டங்ஸ்டனுக்கு 3,422 வேண்டும். இரண்டும் உலோகம்தான்.

அடகுக் கடைக்குப் போவோம். கல் வைரமா, போலியா என்று பார்க்கப் பேனா போன்ற ஒரு கருவியை வைத்திருப்பார்கள். அதன் சூடான முனையைக் கல்லில் வைத்ததும் விளக்கு எரியும் அல்லது ஒலி எழும். கருவி அளப்பது கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தை உறிஞ்சுகிறது என்பதை மட்டுமே. வைரம் செம்பைவிடச் சுமார் ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருள் வெப்பத்தில் உலோகத்தைத் தோற்கடிப்பது முதலில் நம்பமுடியாததாக இருக்கும். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு சகப்பிணைப்பில் கோத்திருக்கிறது. ஒவ்வொரு பிணைப்பின் நீளமும் 0.154 நானோமீட்டர், அணுக்களோ எடை குறைந்தவை, பிணைப்புகளோ விறைப்பானவை. ஓரிடத்தில் எழும் அதிர்வு சிதறாமல் நெடுந்தூரம் ஓடிவிடுகிறது. கல் முழுவதும் ஒரே பின்னல் என்பதால் அதை எங்கே உடைத்தாலும் சகப்பிணைப்பையே அறுத்தாக வேண்டும். அதனால்தான் அந்தக் கடினம். போலிக் கல்லான கியூபிக் சிர்க்கோனியா ஓர் ஆக்சைடு, வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். கருவியிடம் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் மாய்சனைட் என்ற கல் இந்தக் கருவியை ஏமாற்றிவிடும். அது சிலிக்கான் கார்பைடு. பாதி கார்பன், பாதி சிலிக்கான், அதே நான்கு கைப் பின்னல், கிட்டத்தட்ட அதே விறைப்பு. வெப்பம் அதிலும் விரைந்து ஓடும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது சோதிப்பது பிணைப்பின் வகையை; நாம்தான் அதைப் பொருளின் பெயராக எடுத்துக்கொள்கிறோம். இதற்காகவே மின்கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் புதுக் கருவிகள் வந்திருக்கின்றன. இந்தக் கல் ஆளை ஏமாற்றுவது புதிதும் அல்ல. 1893-இல் அரிசோனாவில் கிடைத்த விண்கல்லில் இதைக் கண்ட ஹென்றி மாய்சானே முதலில் வைரம் என்றுதான் நினைத்தார்.

அதே கார்பன்தான் பென்சிலில் உள்ள கிராஃபைட்டும். அட்டவணை தடுமாறத் தொடங்கும் இடம் இது. ஓர் அடுக்குக்குள் ஒவ்வொரு கார்பனும் மூன்று அண்டை அணுக்களைப் பிடித்திருக்கிறது. பிணைப்பு நீளம் 0.142 நானோமீட்டர், வைரத்தில் இருப்பதைவிட நெருக்கம். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே 0.335 நானோமீட்டர்; அங்கே இருப்பது அந்துருண்டையில் கண்ட அதே மெல்லிய பிடி. மிச்சமிருக்கும் நான்காவது எலக்ட்ரான் அடுக்கு முழுவதும் திரிகிறது, உலோகத்தைப்போல. ஆக ஒரே பொருளில் மூன்று வகைகள். கிருஷ்ணன் இதையும் விட்டுவைக்கவில்லை. கிராஃபைட் படிகத்தைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அடுக்குக்குச் செங்குத்தான திசையில் அது பல மடங்கு கூடுதலாக எதிர்ப்பதை அளந்தார். சக ஆய்வாளர் கங்குலியுடன் சேர்ந்து 1941-இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தக் குணத்தை அடுக்கில் திரியும் எலக்ட்ரான்களின் வாயுவை வைத்து விளக்கினார். நாஃப்தலீனில் மூலக்கூறு மூலக்கூறாகக் கூட்டிய கணக்கு கிராஃபைட்டில் செல்லாது என்று அளந்து காட்டிய வேலை அது.

அடுக்குகள் வழுக்குவதால்தான் பென்சில் எழுதுகிறது, கிராஃபைட் நல்ல மசகு என்று படித்திருப்போம். பாதி உண்மை. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது ஜெனரேட்டரில் உள்ள கார்பன் பிரஷ்கள் தேய்ந்து தூளாகிப்போயின. மேலே காற்றில் ஈரம் இல்லை என்பதே காரணம். கிராஃபைட்டின் வழுக்கலுக்கு நீராவி போன்றவை அதன் பரப்பில் ஒட்டியிருக்க வேண்டும். வெற்றிடத்தில் அது உராய்ந்து தேயும். அடுக்குகளுக்கு இடையே பிடி பலவீனம் என்பதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

எல்லைக்கோட்டில் நிற்பவை கிராஃபைட் மட்டுமல்ல. சுண்ணாம்புக்கல்லில் கால்சியத்துக்கும் கார்பனேட்டுக்கும் இடையே அயனிப் பிணைப்பு, கார்பனேட்டுக்குள்ளே சகப்பிணைப்பு. உப்பைப்போல் உருகும் என்று காளவாயில் போட்டுக் காத்திருந்தால் நடக்காது. சுமார் 900 டிகிரியில் கார்பனேட்டுக்குள் இருக்கும் சகப்பிணைப்பு முந்திக்கொண்டு உடைந்துவிடும். கரியமில வாயு வெளியேறி, கையில் மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. மணலில் உள்ள குவார்ட்ஸின் கதை இன்னும் குழப்பம். அதன் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை ஏறத்தாழப் பாதி அயனி, பாதி சகப்பிணைப்பு என்று லைனஸ் பாலிங் மதிப்பிட்டார். டச்சு வேதியியலாளர்களான வான் ஆர்கெல் 1941-இலும் கெட்டலார் 1947-இலும் கட்டங்களை விட்டுவிட்டு ஒரு முக்கோணமே வரைந்தார்கள். மூன்று மூலைகளில் அயனி, சகப்பிணைப்பு, உலோகம். பொருள்கள் பெரும்பாலும் நடுவில் எங்காவது. பள்ளியில் அட்டவணையோடு அந்த முக்கோணத்தையும் காட்டலாம் என்று எனக்குத் தோன்றும். மாணவர்கள் பயந்துவிட மாட்டார்கள்.

வெள்ளீயம் வெப்பநிலை இறங்கினாலே அந்த முக்கோணத்தில் இடம் மாறிவிடும். நம் சமையலறையில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு பெரும்பாலும் இந்த உலோகத்தில் செய்ததே. 232 டிகிரியில் உருகிவிடுவதால்தான் அதை வெறுமனே அடுப்பில் வைக்கக்கூடாது என்பார்கள். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பு தப்பிக்கும். 13 டிகிரிக்குக் கீழே அணுக்கள் விரும்பும் அடுக்கு வேறு. பொது எலக்ட்ரான்கள் சகப்பிணைப்புக்குள் அடங்கி, ஒவ்வோர் அணுவும் வைரத்தில் உள்ளதுபோல் நான்கு பேரை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அடர்த்தி 7.3-இலிருந்து 5.8 ஆகக் குறைகிறது. உலோகம் உப்பி, சாம்பல் நிறத் தூளாக உதிர்கிறது. ஊட்டியில் குடியிருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். 13 டிகிரியை ஒட்டி இந்த மாற்றம் மிக மிக மெதுவாகவே நடக்கும், அதில் கலந்திருக்கும் சிறிதளவு பிற உலோகமும் தடுத்துவிடும். மைனஸ் 30 டிகிரிப் பக்கம் போனால்தான் வேகம் பிடிக்கும்.

அழுத்தத்தை ஏற்றினால் அட்டவணை மொத்தமாகக் கலைந்துபோகும். உலர்பனி என்று நாம் சொல்லும் திடக் கரியமில வாயு மூலக்கூறு படிகத்துக்கு நல்ல உதாரணம். மைனஸ் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். 1999-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அதை நான்கு லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்கு நெருக்கி, 1,500 டிகிரிக்கும் மேலாகச் சூடாக்கினார்கள். மூலக்கூறுகள் தம் தனித்தன்மையை விட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, குவார்ட்ஸைப் போன்ற ஒரே பின்னலாக மாறின. சோடியத்துக்கு நேர்ந்தது இதைவிட விசித்திரம். கத்தியால் நறுக்கக்கூடிய, பளபளக்கும், மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும் மெத்தென்ற உலோகம் அது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் இருபது லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் அது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பொருளானது. மின்சாரம் கடத்துவதையும் நிறுத்திக்கொண்டது. அணுக்கள் அவ்வளவு நெருங்கியதும் பொது எலக்ட்ரான்கள் திரிய இடமின்றி அணுக்களுக்கு இடையே உள்ள பொந்துகளில் போய்ச் சிறைப்பட்டுவிட்டன. நேர்மின் அயனியாகச் சோடியம், எதிர்மின் அயனியின் இடத்தில் அணுவே இல்லாத வெறும் எலக்ட்ரான்கள். ஒரே தனிமத்தால் ஆன இதை அயனிப் படிகம் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சிலர்.